கோட் ஃபர்ஸ்ட்டும் சங்ககிரி லாரி ஆபீஸும்

எங்கள் தொழிலில் கிரகப்பிரவேசம் முடிந்த பிறகுதான் அஸ்திவாரம் போடுவோம். அதையும் நாங்கள் போட மாட்டோம், தானாகவே போட்டுக்கொள்ளும் என்று நம்பி உட்கார்ந்திருப்போம். இதற்குக் கோட் ஃபர்ஸ்ட், அதாவது முதலில் புரோகிராம், மற்றதெல்லாம் அப்புறம் என்று பெயர்.

மைக்ரேஷன் கட்டளையைத் தட்டிவிட்டு, என்டர் அடித்த அதே கையால் கண்ணைப் பொத்திக்கொண்ட அனுபவம் உங்களுக்கு உண்டென்றால் வாங்க, நாமெல்லாம் ஒரே வார்டு நோயாளிகள். அந்த வியாதி இன்னும் வராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். டேட்டாபேஸ் என்பது விவரங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி வைக்கும் இடம். ஒவ்வோர் அடுக்கும் ஒரு டேபிள். முன்பெல்லாம் டேபிளைக் கையால் எழுதி உருவாக்கிவிட்டு அப்புறம்தான் புரோகிராமில் கை வைப்பார்கள். இப்போது புரோகிராமில் ‘லாரி’ என்று ஒரு கிளாஸ், அதாவது ஒரு மாதிரிப் படிவம் எழுதி, அதற்கு நம்பர் உண்டு, டிரைவர் உண்டு என்று சொன்னால் போதும், டேபிள் தானாக வந்துவிடும். நடுவில் ஓ.ஆர்.எம். என்று ஒருத்தர் இருந்து இதைச் செய்கிறார். லாரி புக்கிங் புரோக்கர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் நம்ம பாஷையில் “நாக்பூருக்கு ஒரு லோடு” என்றால், அவர் அந்த ஊர்க்காரரிடம் அந்த ஊர் பாஷையில் பேசி முடித்துக் கொடுப்பார். என்ன பேசினார் என்று மட்டும் நமக்குத் தெரியாது. தொல்லை எல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

என்னைப் பற்றி: பெயர் கோகுல், ஊர் பனமரத்துப்பட்டி, பாலிடெக்னிக் முடித்த கையோடு ராசிபுரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் டிரெயினி. கீழே நெய்க்கடை, மாடியில் நாங்கள். எனக்குப் புரோகிராம் சுமாராக வரும்; குரல் நன்றாக வரும். முதலாளி முருகேசன் சார் மூக்கால் பேசுவார், “அது வந்துப்பா” என்று தொடங்காமல் அவருக்கு வாக்கியம் வராது. அவர் வெளியே போயிருக்கும்போது அவர் குரலில் “அது வந்துப்பா, இன்னிக்கு எல்லாரும் அரை நாள்ல கெளம்பலாம்” என்று உள் அறையிலிருந்து சொல்லி, பாதி ஆபீஸைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அனுப்பியிருக்கிறேன். எரர் மெசேஜ் வந்தாலும் அதைச் செய்தி வாசிப்பவர் குரலில் படித்தால்தான் எனக்குப் புரியும்.

என்னோடு ஒரே மேசையில் தேன்மொழி அக்கா. வெண்ணந்தூர். கல்யாணத்துக்கு முன்னால் கையால் டேபிள் எழுதுவதில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர், குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டார். பாப்பா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மறுபடி வந்தால், தொழில் மொத்தமும் தலைகீழாக நிற்கிறது. சார் அவரை டெம்பரவரியாகத்தான் எடுத்திருந்தார். சங்ககிரி லாரி ஆபீஸ் ஒன்றுக்குப் புரோகிராம் செய்யும் வேலையைக் கொடுத்து, “அது வந்தும்மா, இது ஓடுச்சுன்னா பெர்மனென்ட். இல்லைன்னா பாக்கலாம்” என்றார். அவர் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். அக்கா வீட்டிலோ, நிலையில்லாத வேலைக்காகத் தினமும் பஸ் ஏறி அலைவதற்கு ஒரு தடவைதான் சம்மதித்திருந்தார்கள். இது போனால் அடுத்தது கிடையாது. கோட் ஃபர்ஸ்ட் எனக்கும் புதுசு, அவருக்கும் புதுசு. எனக்குப் போனால் ஒரு சர்டிபிகேட் போகும். அவருக்குப் போனால் வேலைக்குப் போவதே போய்விடும்.

தானாக வந்த டேபிள்

முதல் நாள் ‘டிரைவர்’ கிளாஸ் எழுதினோம். பெயர், லைசென்ஸ், போன். இரண்டு கட்டளை தட்டினோம். கறுப்புத் திரையில் எழுத்து கொஞ்சம் ஓடியது, ‘முடிந்தது’ என்று வந்தது. நான் நாற்காலியில் சாய்ந்து கைதட்டினேன். அக்கா கைதட்டவில்லை. டேட்டாபேஸைத் திறந்து, வந்த டேபிளை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வரைக்கும் பார்த்தார். அப்புறம் டேபிளில் எதைக் கட்டுவது, எதை மாற்றுவது என்று அது தானாக எழுதி வைத்திருந்த மைக்ரேஷன் ஃபைலைத் திறந்து, மாப்பிள்ளை வீட்டார் ஜாதகம் பார்ப்பது மாதிரி வரிவரியாகப் படித்தார்.

“அக்கா, அதெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்கக்கா. அது மிஷின் எழுதினது” என்றேன். பேருக்கு எவ்வளவு நீளம் விட்டிருக்கிறது, போன் நம்பர் இல்லாமல் சேமிக்க விடுமா விடாதா என்று எல்லாம் பார்த்த பிறகுதான் அக்கா டிபன் பாக்ஸைத் திறந்தார். திறந்தவர் சாப்பிடாமல் யோசனையாக உட்கார்ந்திருந்தார். என்னக்கா என்றேன்.

“நான் வடிக்காத சோறு எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குது சாமி.”

நாங்கள் அனுப்பிய கிளீனர்

டேபிள் வந்தால் போதுமா, உள்ளே ஆள் வேண்டாமா? சோதனை பார்க்கக் கொஞ்சம் பொய் விவரங்களைப் புரோகிராமிலேயே எழுதி வைக்கலாம். டேபிள் பிறக்கும்போதே அவையும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். விதைப்பு என்று சொல்கிறார்கள். அந்த வேலையை அக்கா என்னிடம் கொடுத்தார். கொடுக்கலாமா? நான் ஒரு லாரி விதைத்தேன். டிரைவர், தேன்மொழி. கிளீனர், முருகேசன். கிளீனர் குறிப்பு என்ற கட்டத்தில், “அது வந்துப்பா என்பார், ஆனால் வர மாட்டார்.”

பொய் விவரத்தை எடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அது எங்கேயும் போவதற்கு முன்னாலேயே சார் எங்கள் மேசைக்கு வந்து, “எங்க, எதுவரைக்கும் வந்திருக்கு, காட்டுங்க” என்பார் என்பதுதான் தெரியாது. அக்கா அப்பாவியாகத் திரையைத் திறந்தார். முதல் வரியிலேயே அவர் டிரைவர், சார் கிளீனர். அக்காவின் காது சிவந்துவிட்டது. நான் குனிந்து ஷூ லேஸ் கட்டினேன். அன்றைக்கு நான் போட்டிருந்தது செருப்பு. சார் குறிப்பு வரைக்கும் பொறுமையாகப் படித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார்.

“அது வந்தும்மா, மொதல்ல வண்டி சங்ககிரி போய்ச் சேரட்டும். யாரு கிளீனர்ங்கறதை அப்புறம் பேசிக்கலாம்.”

ஆளுக்கு ஒரு நடை

லாரிப் பட்டியலைத் திறந்தால் பக்கம் வரவே மாட்டேன் என்றது. லாரியின் பேர் வரும், ஒரு மூச்சு விடும், அடுத்த லாரி வரும். அக்கா புரோக்கர் என்னதான் பேசுகிறார் என்று ஒட்டுக்கேட்டார்; அதாவது ஓ.ஆர்.எம். டேட்டாபேஸுக்கு அனுப்பும் கேள்விகளைத் திரையில் வரவைத்தார். முதலில் “லாரிகள் எல்லாம் கொடு” என்று ஒரு கேள்வி. பிறகு “இந்த லாரிக்கு டிரைவர் யார்” என்று ஒரு கேள்வி. “அடுத்த லாரிக்கு யார்” என்று இன்னொன்று. எத்தனை லாரியோ அத்தனை தடவை போய் வந்துகொண்டிருந்தது அந்த ஜென்மம்.

அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. எனக்குத்தான் ஆபீஸ் முழுக்க விளங்க வைக்க வேண்டும் என்று ஆசை. அன்றைக்கு டீ வாங்கும் முறை என்னுடையது. தூக்கை எடுக்காமல் இறங்கி, ஒரே ஒரு டீ வாங்கி, மாடியேறிச் சாரிடம் கொடுத்தேன். மறுபடி இறங்கி இன்னொன்று, அக்காவுக்கு. மறுபடி இறங்கி, பில்லிங் பார்க்கும் அண்ணனுக்கு. ஒவ்வொரு தடவையும் ரோபோ குரலில் “அடுத்த நபருக்கு டீ உண்டா” என்று கேட்டுவிட்டு இறங்கினேன். சார் டீயைக் குடித்து முடித்தபோதும் கடைசி ஆளுக்கு டீ வந்து சேரவில்லை. பக்கம் ஏன் மெதுவாக வருகிறது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. லாரியைக் கேட்கும்போதே டிரைவரையும் சேர்த்துக் கேள் என்று அக்கா ஒரு வார்த்தை கூடுதலாக எழுதினார், பட்டியல் பொலபொலவென்று வந்து விழுந்தது. டீக்கடை மணி அண்ணனுக்கு மட்டும் யாரும் விளக்கம் சொல்லவில்லை. சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்பக் கவலையாகக் கேட்டார்.

“ஏந்தம்பி, உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கொருத்தர் பேச்சுவார்த்தை இல்லீங்களா?”

மஞ்சள் எழுத்து

இதற்குள் லாரி ஆபீஸ் மேனேஜர் பழனிச்சாமி அண்ணன் டிரைவர்கள் விவரத்தையெல்லாம் போனிலேயே சொல்ல, நான் அடித்து ஏற்றியிருந்தேன். அவருக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு டிரைவர் பெயரையும் சொல்லிவிட்டு, “எழுதிட்டீங்ளா சாமி, இவுரு ஊட்டு போன் நம்பரையும் எழுதுங்க. அதுதான் முக்கியம்” என்பார். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். வண்டி எங்கோ வடக்கே ஒரு மலைப்பாதையில் நின்றுவிட்டால், டிரைவருடைய செல்போன் எடுக்காது. வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் எப்படியாவது தகவல் வந்திருக்கும் என்றார். அதனால் அந்தக் கட்டத்தில் ஒரு நம்பர்கூட விடுபடவில்லை.

கிளாஸில் அந்தக் கட்டத்துக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘போன்’ என்று பொதுவாக இருந்தது. வீட்டு நம்பர் என்று தெளிவாக மாற்றலாமே என்று மாற்றினோம். மைக்ரேஷன் உருவாக்கினால், எப்போதும் வெள்ளையாக வரும் எழுத்துக்கு நடுவே மஞ்சளாக ஒரு வரி. விட்டுவிடுவேனா? எழுந்து நின்று சேலம் புது பஸ் ஸ்டாண்டு அறிவிப்பாளர் குரலில் படித்தேன். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இந்தச் செயலினால் தாங்கள் ஏற்றி வைத்துள்ள விவரங்கள் தொலைந்துபோகக்கூடும். தங்கள் உடைமைகளைத் தாங்களே சரிபார்த்துக்கொள்ளவும்.” பில்லிங் அண்ணன் சிரித்தார். அக்காவும் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டளையைத் தட்டினார். என்டர் மட்டும் பாக்கி. விரல் அப்படியே நின்றது.

ஃபைலைத் திறந்தார். மிஷின் எழுதியிருந்தது இவ்வளவுதான்: பழைய கட்டத்தை இடித்துவிடு, புதுப் பெயரில் காலிக் கட்டம் ஒன்று கட்டு. பெயர்ப்பலகை மாற்றச் சொன்னால் வீட்டையே இடிக்கிற கொத்தனார். நாங்கள் பெயரை மாற்றுகிறோம் என்பது அதற்கு எப்படித் தெரியும்? ஒன்று போய்விட்டது, இன்னொன்று வந்திருக்கிறது என்றுதான் அதற்குத் தெரிந்திருக்கிறது. அந்த இரண்டு வரியையும் அக்கா அழித்துவிட்டு, பெயரை மட்டும் மாற்று என்று கையால் ஒரு வரி எழுதினார். ஓட்டிப் பார்த்தோம். நம்பர்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாதிக்கு மேல் குடித்தார். எனக்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

“எதை வேணும்னாலும் எவுரு குரல்ல வேணும்னாலும் படி சாமி. எச்சரிக்கையை மட்டும் உன்ற சொந்தக் குரல்ல படி.”

கடைசி நாலு நம்பர்

சங்ககிரியில் யாரும் லாரியை முழு நம்பர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். டீக்கடையிலும் சரி, டயர் கடையிலும் சரி, பெட்ரோல் பங்க்கிலும் சரி, கடைசி நாலு நம்பர்தான். வேலை தொடங்கிய முதல் வாரமே அக்கா பழனிச்சாமி அண்ணனிடம் கேட்டிருந்தார், “வண்டியை எதை வெச்சுங்கண்ணா அடையாளம் சொல்லுவீங்க?” என்று. “கடைசி நாலு நம்பர் சொன்னாப் போதும்ங்க கண்ணு, எங்க இருந்தாலும் கண்டுபுடிச்சரலாம்” என்றார் அவர். அப்படியென்றால் அதையே சாவியாக வைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். சாவி என்றால், டேபிளில் ஒரு லாரியை இன்னொரு லாரியிலிருந்து பிரித்துக் காட்டும் விவரம். அது ஒன்றுபோல் இன்னொன்று இருக்கவே கூடாது. நான் விதைத்த பொய் லாரிகளை வைத்துச் சோதித்தோம். அருமையாக ஓடியது. ஓடாமல் என்ன செய்யும், நம்பரெல்லாம் என் கற்பனைதானே?

பொய் லாரிகளையெல்லாம் எடுத்துவிட்டு, புரோகிராமை ஏற்றும் நாள் சார் காரில் சங்ககிரி போனோம். லாரி ஆபீஸ் முதலாளி வெள்ளை வேட்டி, நெற்றியில் குங்குமம், அதிகம் பேசாதவர். உட்கார்ந்ததும் ஒன்றே ஒன்று சொன்னார்: முன்னால் ஒரு கம்பெனியிடம் புரோகிராம் வாங்கி, சின்னதாக ஒரு மாற்றம் கேட்டபோதெல்லாம் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றே இழுத்தார்களாம், கடைசியில் இவரே அதை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டாராம். சார் என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா பழனிச்சாமி அண்ணன் பக்கம் கம்ப்யூட்டரைத் திருப்பி, “நீங்களே மொத வண்டியை ஏத்துங்கண்ணா” என்றார். அவர் ஒற்றை விரலால் அடித்தார், 3636. சேமித்தது. முதலாளி தலையசைத்தார். இரண்டாவது வண்டி. அண்ணன் மறுபடி 3636 என்று அடித்தார். திரை சிவப்பாகிவிட்டது.

“அண்ணா, அது முன்னாடி ஏத்தின வண்டிங்ணா” என்றார் அக்கா. “இல்லீங்க கண்ணு, இது வேற 3636” என்றார் அவர். சன்னல் வழியாக வெளியே பார்த்தேன். யார்டில் வரிசையாக நின்ற வண்டிகள் அத்தனைக்கும் நெற்றியில் 3636. முன்னால் இருக்கும் எழுத்துகள்தான் வேறு வேறு. நாலு நம்பர் சொன்னால் இந்த ஆபீஸ் வண்டி என்று கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் அண்ணன் சொல்லியிருக்கிறார், எந்த வண்டி என்று இல்லை. கூட்டினால் ஒன்பது வர வேண்டும் என்று ஜோசியர் சொன்னதால், முதலாளி எந்த வண்டி வாங்கினாலும் அதே நம்பர் கிடைக்கும்வரை காத்திருந்துதான் எடுப்பாராம். சார் மூக்கிலிருந்து “அது வந்து” என்று மட்டும் வந்தது. அக்கா துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது.

முதலாளிதான் கேட்டார், குரலை உயர்த்தாமல். “இதை மாத்தறதுக்கு எத்தனை மாசம் ஆகும்ங்க?”

அக்கா துப்பட்டாவை விட்டார். “டீ சொல்லியிருக்கீங்களுங்களா?”

“சொல்லியிருக்குதுங்க.”

“அது வரட்டுங்க” என்று லேப்டாப்பை இழுத்துக்கொண்டார்.

கையால் கட்டிய டேபிளாக இருந்திருந்தால், சாவியை மாற்றுவது என்பது அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு டேபிளையும் பிரித்துக் கட்டுகிற வேலை. இங்கே கட்டுவது மிஷின், உள்ளே இருப்பதும் ஒரே ஒரு லாரி. டிரைவர் விவரத்தை அக்கா முன்தினமே தனியாக ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார். கிளாஸில் சாவியை மாற்றினார். இனிமேல் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு வரிசை எண் தானாக விழும். இருந்த டேட்டாபேஸை மொத்தமாக அழித்தார். அழிப்பதைப் பார்த்துச் சார் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் அக்கா பழனிச்சாமி அண்ணனிடம் திரும்பினார். “எல்லாமே 3636ன்னா நீங்க எப்புடிங்ணா பிரிச்சுக் கூப்புடுவீங்க?”

அண்ணன் இது ஒரு கேள்வியா என்பது போல் பார்த்தார். “அது ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு இருக்குதுங்களே. பெருசு, பச்சைக்குட்டி, மாடு முட்டினது, அழுவுறது.” அழுவுறது என்றால் எது என்று நான் கேட்டேன். பிரேக் பிடித்தால் ஒரு சத்தம் வரும் என்று அவர் விளக்கப் பார்த்தார். வாய்க்கு வரவில்லை. நான் இப்படியா என்று மூக்கும் தொண்டையும் சேர்த்து ஒரு இழு இழுத்தேன். யார்டில் டயர் தட்டிக்கொண்டிருந்த டிரைவர் ஒருத்தர் கம்பியைக் கீழே போட்டுவிட்டு, வண்டி தானாக நகருகிறதோ என்று ஓடிவந்து பார்த்தார். முதலாளி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, கிளாஸில் ‘கூப்பிடும் பெயர்’ என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொண்டிருந்தார். மைக்ரேஷன் ஃபைலைத் திறந்து மேலிருந்து கீழே படித்தார். மஞ்சள் வரி ஏதும் இல்லை. என்டர் அடித்தார்.

டீ வந்தது. பழனிச்சாமி அண்ணன் டம்ளரை ஒரு கையில் வைத்துக்கொண்டே பெருசை ஏற்றினார், பச்சைக்குட்டியை ஏற்றினார், மாடு முட்டினதை ஏற்றினார், அழுவுறதையும் ஏற்றினார். நாலும் 3636, நாலும் தனித்தனி வரியாக நின்றன. அக்கா எடுத்து வைத்த நகலிலிருந்து டிரைவர்களும் வீட்டு நம்பரோடு திரும்பி வந்திருந்தார்கள். சார் மெதுவாகக் கண்ணைத் திறந்து, “அது வந்துங்க, இது கோட் ஃபர்ஸ்ட் முறைங்க. மாத்தறது சுலபம்ங்க” என்று ஏதோ தானே எழுதியது மாதிரி ஆரம்பித்தார். முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார். டம்ளரை வைத்துவிட்டு, அக்காவைச் சுட்டிச் சொன்னார்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எங்க ஆபீஸ் வேலைக்கு எப்ப வந்தாலும் இந்தப் பொண்ணுதான் வரோணும், வேற ஆளை அனுப்பிப்போட்டு அடுத்த மாசம்னு சொல்லக் கூடாது.”

காரில் திரும்பினோம். அக்கா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். திருச்செங்கோடு தாண்டியதும் சார் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்து, மூக்கால் இல்லாமல், எனக்கு இன்னும் பிடிபடாத ஒரு குரலில், “திங்கக்கிழமை பாப்பாவை ஸ்கூல்ல விட்டுட்டே வாம்மா, பெர்மனென்ட் ஆளுங்களுக்கு அரை மணி நேரம் பர்மிஷன் உண்டு” என்றார்.

எங்கள் தொழிலில் இப்போதைக்கு மாறாமல் இருப்பது தேன்மொழி அக்காவின் வேலை ஒன்றுதான். டேபிள்கள் அத்தனையும் இன்னமும் டீ வருவதற்குள் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன.